மரக்கன்று நடுவது மட்டும்தானா என்.எஸ்.எஸ்.? படிப்புக்கு என்ன பயன்?

"என்.எஸ்.எஸ்.ல சேர்ந்தா மரக்கன்று நடணும், சர்டிபிகேட் கிடைக்கும், அவ்வளவுதானே?" என்று கேட்கும் மாணவர்கள் உண்டு. உண்மையில் அது என்ன?

எப்போது தொடங்கியது?
காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24-ல், 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40 ஆயிரம் மாணவர்களுடன் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது.

என்ன செய்ய வேண்டும்?
2 ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி, கூடவே 7 நாள் சிறப்பு முகாம். தமிழ்நாட்டில் பல கல்லூரிகளில் இதற்கு 'பகுதி 5'-ன் கீழ் கிரெடிட்டும் உண்டு.

படிப்புக்கு என்ன பயன்?
செய்யும் பணி படிக்கும் பாடத்தோடு சேர வேண்டும். 2004-ல் சுனாமி தாக்கிய நாகூரையே எடுத்துக்கொள்வோம். கடலோர ஊர் என்பதால், வேதியியல் மாணவர்கள் கிணற்று நீரின் உப்பைச் சோதித்துச் சொன்னால் குடும்பங்களுக்கு உதவும். ஆய்வகப் பாடமும் மனதில் நிற்கும். புவியியல் மாணவர்கள் தாழ்வான தெருக்களையும், தனியே வசிக்கும் முதியவர்களின் வீடுகளையும் வரைபடமாக்கினால், அடுத்த புயலின்போது யாரை முதலில் அழைத்துவர வேண்டும் என்பது தெரியும்.

எப்போது வீணாகும்?
"என்ன பார்த்தோம்? பாடத்துல இது எங்க வருது?" என்று பணிக்குப் பிறகு ஆசிரியரோடு பேசாவிட்டால், 240 மணி நேரமும் வருகைப் பதிவேட்டோடு முடிந்துவிடும்.