பணிப்பதிவேடு இல்லாத சிஸ்டர்கள்

2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை. ஏழாயிரம்பண்ணைக்காரர்களுக்கு அந்தத் தேதி மறக்காது. பக்கத்து அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்த நாள். காயம்பட்டவர்களைச் சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி அரசு மருத்துவமனைகளுக்குக் கொண்டு ஓடினார்கள். அன்று இறந்தவர்கள் போக, அடுத்து வந்த நாட்களிலும் சாவுச் செய்தி நிற்கவில்லை. எண்ணிக்கை இருபதைத் தாண்டியது.

தீக்காய வார்டின் வேதனையே அதுதான். முதல் இரண்டு நாள் ஆள் பேசுவார், தண்ணீர் கேட்பார், பிள்ளைகளை விசாரிப்பார். பிறகு கிருமி தொற்றி, சிறுநீரகம் பழுதாகி, ஐந்தாம் நாளோ பத்தாம் நாளோ போய்விடுவார். தினமும் கட்டுப் பிரித்து, புண் துடைத்து, மருந்து வைத்துக் கட்டிய சிஸ்டர் அடுத்த கட்டிலுக்குப் போயாக வேண்டும். அதுவும் கொரோனாக் காலம்.

நோயாளிக்கு எல்லாரும் சிஸ்டர்தான். சம்பளப் பட்டியலில் மட்டும் இரண்டு வகை: காலமுறை ஊதியம், தொகுப்பூதியம். நான் அந்தத் துறையில் இல்லை. ஆனாலும் ஆயுள் முழுக்கப் பட்டியல் எழுதிய குமாஸ்தா, வித்தியாசம் தெரியும். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தபோதே தித்துலேர் என்றால் நிரந்தரம், ஒக்சிலியேர் என்றால் துணைக்கு வைத்த ஆள் என்று தெரிந்துகொண்டேன். பாஷை மாறினாலும் பிரிவு ஒன்றுதான்.

நிரந்தரக்காரருக்குப் பணிப்பதிவேடு உண்டு. பிறந்த தேதி, அங்க அடையாளம், விடுப்புக் கணக்கு, ஊதிய உயர்வு எல்லாம் அதில் ஏறும். தொகுப்பூதியக்காரர் எத்தனை இரவு விழித்தாலும் அது எந்தப் பக்கத்திலும் ஏறாது. ஒரே வார்டில் அடுத்தடுத்து நின்று வேலை பார்ப்பவர்களிடையே மனக்கசப்பு வர இதற்கு மேல் என்ன வேண்டும்?

2015ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத் தேர்வெழுதி வந்தவர்களுக்கு மாதம் ரூ.7,700தான். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்ற நம்பிக்கையில் சேர்ந்தார்கள். அது நடக்காமல், 2017 நவம்பர் கடைசியில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்துவிட்டார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் வேலைக்குத் திரும்பினார்கள்.

2020ல் கொரோனாவுக்கென்று இன்னும் ஆயிரக்கணக்கானோரை ரூ.14,000க்கு எடுத்தார்கள். கைதட்டி, பூத்தூவி மரியாதை செய்தோமே, அந்தக் கூட்டத்தில் இவர்களும் உண்டு. இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரை 2022 டிசம்பர் 31 உடன் அனுப்பிவிட்டார்கள். புத்தாண்டன்று தெருவில் நின்று போராடினார்கள். பிறகு மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் மூலம் ரூ.18,000க்கு வேலை தருவதாக அரசு சொன்னது.

அதுவும் ஒப்பந்தம்தான்.