கண்ணுக்குத் தெரியாத டார்ச்

காலேஜ்ல மூணாவது வருஷம். தரையில ஒட்டின கறுப்புக் கோட்டைப் பிடிச்சு ஓடற ரோபோ ஒண்ணு செஞ்சுக்கிட்டிருந்தோம். இன்ஃப்ராரெட் எல்இடி மாட்டினேன், எரியல. கழட்டிட்டு வேற மாட்டினேன். அதுவும் எரியல. மூணாவது எல்இடியையும் குப்பையில போடப் போறப்ப லேப் அண்ணன் வந்து, "தம்பி, அது எரிஞ்சுக்கிட்டுதான் இருக்கு, உனக்குத்தான் தெரியல"ன்னு சொல்லி, போன் கேமராவை நீட்டினார். திரையில ஊதா நிறத்துல ஜம்முனு எரியுது! அன்னிக்கு வாங்கின பல்பு இன்னிக்கும் மறக்கல :-)

நீங்களும் பார்க்கலாம். டிவி ரிமோட்டை போனோட செல்ஃபி கேமரா முன்னாடி வச்சு பட்டனை அமுக்குங்க. (பின்பக்க கேமராவுல வடிகட்டி இருக்கறதால சிலதுல தெரியாது.) இந்தப் பதிவோட மொத்தக் கதையும் அந்தப் புள்ளியிலதான் இருக்கு. இருட்டுல நீ மட்டும் பார்க்கற விளக்கு உன்கிட்ட இருந்தா நீ ராஜா. எதிராளிகிட்டயும் கேமரா இருந்தா?

கொஞ்சம் பின்னாடி போவோம். 1800ல வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால பிரிச்சு, ஒவ்வொரு நிறத்துலயும் தெர்மாமீட்டர் வச்சுப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, ஒண்ணுமே தெரியாத இடத்துல வெப்பம் ஏறுச்சு. அதுதான் அகச்சிவப்பு. அதைக் கண்ணுக்குக் காட்டற குழாய் வர இன்னும் நூத்திச் சொச்சம் வருஷம் ஆச்சு. 1934ல நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வகத்துல கில்லஸ் ஹோல்ஸ்ட் குழுவினர் செஞ்சாங்க. ஒரு பக்கம் அகச்சிவப்பு விழுந்தா எலக்ட்ரான் கிளம்பும். அதை உயர் மின்னழுத்தத்தால விரட்டி, மறுபக்கம் பாஸ்பர் திரையில மோத விட்டா படம் தெரியும்.

இரண்டாம் உலகப்போர் இதை அப்படியே துப்பாக்கியில ஏத்திடுச்சு. ஜெர்மனிக்காரங்க 1945ல எஸ்டிஜி 44 துப்பாக்கிக்கு 'வாம்பயர்'னு ஒரு கருவி கொண்டு வந்தாங்க. தொலைநோக்கியும் விளக்கும் சேர்த்து 2.25 கிலோ. அதுக்கான பேட்டரிப் பெட்டி மட்டும் 13 கிலோவுக்கு மேல, முதுகுல தொங்கும். கணக்குப் பண்ணிப் பாருங்க, ரேஷன் அரிசி மூட்டையைத் தூக்கிக்கிட்டு சண்டை போடற மாதிரி. அதே வருஷம் அமெரிக்கா ஓகினாவா தீவுல டி3 கார்பைனை இறக்குச்சு. விளக்கு எட்டினது சுமார் 70 கெஜம். ராத்திரியில ஊர்ந்து வந்த ஜப்பானிய வீரர்களுக்கு, தங்க மேல ஒரு விளக்கு அடிச்சிருக்குன்னே தெரியாது.

ஆனா இந்த வித்தை எதிரிகிட்ட கருவி இல்லாத வரைக்கும்தான். இருந்துட்டா, விளக்கைப் போட்டவன்தான் முதல் இலக்கு. இருட்டு மைதானத்துல டார்ச் அடிச்சு நிக்கற மாதிரி, "நான் இங்க இருக்கேன், சுடு"ன்னு சொல்றது.

அதனால வியட்நாம்ல ரூட்டை மாத்தினாங்க. விளக்கே வேணாம், நட்சத்திர வெளிச்சத்தையே பல்லாயிரம் மடங்கு பெருக்குவோம்னு 'ஸ்டார்லைட் ஸ்கோப்' வந்துச்சு. பிவிஎஸ்-2 மாடல் 2.7 கிலோ. மூணு குழாயை ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா கோத்திருப்பாங்க. எதையும் வெளியே அனுப்பாது, வர்றதை மட்டும் வாங்கிக்கும். மத்தவங்க எல்லாரும் உடனே மாறிடல. 1973ல கோலான் குன்றுகள்ல சிரியாவோட டாங்குகள் இன்ஃப்ராரெட் விளக்கோடதான் வந்தது. இஸ்ரேல் பக்கம் இரவுக் கருவி ரொம்பக் கம்மி, ராத்திரிச் சண்டையில அதனால பட்ட பாடு கொஞ்ச நஞ்சமில்ல.

அப்புறம் குழாய் சின்னதாகி, துப்பாக்கியிலேர்ந்து இறங்கி முகத்துக்கு வந்துடுச்சு, கண்ணாடி மாதிரி. இங்கதான் எனக்குப் பிடிச்ச எஞ்சினியரிங் சிக்கல் ஆரம்பம். அந்தக் கண்ணாடியோட லென்ஸ் ஒரு நேரத்துல ஒரு தூரத்துக்குத்தான் ஃபோகஸ் ஆகும். தூரத்துல இருக்கற ஆளுக்கு ஃபோகஸ் வச்சா, கை நீட்டிப் பிடிச்ச கைத்துப்பாக்கியோட குறிமுனை வெறும் மங்கல். குறிமுனைக்கு வச்சா ஆள் மங்கல். குறி பார்க்கவே முடியாது! தீர்வு, துப்பாக்கியில இன்ஃப்ராரெட் லேசர். புள்ளி விழற இடத்துல குண்டு விழும், குறிமுனையைப் பார்க்கவே வேணாம். பெரிய துப்பாக்கிகளுக்கு 1980கள்லயே பிஏக்யூ-4ன்னு இது வந்துடுச்சு.

கைத்துப்பாக்கிக்கு, அமெரிக்க சிறப்புப் படைக் கட்டளை 1991ல கோல்ட், ஹெக்லர் அண்ட் கோக் ரெண்டு கம்பெனிக்கும் முன்மாதிரி செய்ய ஒப்பந்தம் கொடுத்துச்சு. ஜெயிச்சது ஹெக்லரோட மார்க் 23. 1996ல கைக்கு வந்துச்சு. குழலுக்கு அடியில பிஇக்யூ-6ன்னு ஒரு பெட்டி. அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியற லேசர், தெரியாத லேசர், வெள்ளை விளக்கு, இன்ஃப்ராரெட் விளக்கு, நாலும்.

கடைசியா சொன்னதைக் கவனிச்சீங்களா? விளக்கு திரும்பி வந்துடுச்சு! ஏன்னா, ஜன்னல் இல்லாத அறைக்குள்ள நட்சத்திரம் ஏது? பூஜ்யத்தை எவ்வளவு பெருக்கினாலும் பூஜ்யம்தானே. கைத்துப்பாக்கிக்கு வேலையே பெரும்பாலும் அந்த மாதிரி அறையிலதான். அதனால 1945ல விட்ட இடத்துக்கே சுத்தி வந்தாச்சு.

சோதிச்சுப் பார்க்கறதுலயும் நுணுக்கம் இருக்கு. லேசர் குழலுக்குக் கீழே இருக்கு, அதனால ரெண்டும் ஒரு குறிப்பிட்ட தூரத்துலதான் ஒண்ணு சேரும். அந்தத் தூரத்தை முடிவு பண்ணிட்டுத்தான் திருகாணியைத் திருப்பணும். ஒவ்வொரு தடவை சுடறப்பவும் உதை வாங்கற பெட்டி, அதனால சுட்டுட்டு புள்ளி நகர்ந்துச்சான்னு திரும்பப் பார்க்கணும். எல்லாத்தையும் விட முக்கியம், கண். வெளிச்சமான லேசர் கண்ணுல பட்டா தானா இமைச்சிடுவோம். தெரியாத லேசருக்கு இமை மூடாது, விழித்திரை பாட்டுக்கு வெந்துக்கிட்டிருக்கும். அதனாலதான் பின்னாடி வந்த பிஇக்யூ-15ல பயிற்சிக்குக் கம்மி பவர், போருக்கு அதிக பவர்னு பிரிச்சு, தெரியாம மாறிடக் கூடாதுன்னு நீலத் திருகாணி ஒண்ணு வச்சு அடைச்சாங்க. பயிற்சியில எதிர்ல நிக்கறது நம்ம ஆள் ஆச்சே.

1991 வளைகுடாப் போருக்கப்புறம் "இரவு எங்களுக்குச் சொந்தம்"னு அமெரிக்க ராணுவம் பெருமையாச் சொல்லிக்கிச்சு. 2021ல ஆப்கன் படை சரிஞ்சப்ப, அமெரிக்கா கொடுத்த இரவுக் கருவிகளும் தாலிபான் கைக்குப் போச்சு. 2022ல தொடங்கின உக்ரைன் போர்லயோ ரெண்டு பக்கமும் இரவுக் கருவி. அங்க லேசரைப் போட்டா, தூசியில அது கோடா ஒளிர்ந்து, போட்டவன் நிக்கற இடத்துலயே போய் முடியும்.

ஆக, லேப் அண்ணன் எனக்குச் சொன்னதை ராணுவங்களும் கத்துக்க வேண்டியிருக்கு. எரியலைன்னு நாம நினைக்கறது, வேற யாருக்கோ எரிஞ்சுக்கிட்டுதான் இருக்கு.

டிஸ்கி: நான் நிஜத் துப்பாக்கியைத் தொட்டதே இல்ல. என்னோட ஒரே ஆயுதம் டிவி ரிமோட். அதுக்கும் வீட்ல அம்மாதான் ராஜா :-)