தலைமகவு பெற்ற தாய்: திருவில்லிபுத்தூர் தரும் சான்று

தமிழ் இலக்கியத்தில் தாய்மைக்குப் பஞ்சமில்லை என்பது பொதுவான எண்ணம். செவிலியும் நற்றாயும் அகப்பாட்டில் பேசுகின்றனர். போர்க்களத்தில் மகனைத் தேடும் முதியோள் புறப்பாட்டில் நிற்கிறாள். எனினும் இத்தாயர் அனைவரும் வளர்ந்த மக்களின் தாயர். முதன்முதலாக ஒரு மகவைப் பெற்று, அதனை எவ்வாறு ஏந்துவது, எப்போது ஊட்டுவது, ஏன் அழுகிறது என்று அறியாது திகைத்து, நாள்தோறும் சிறிது சிறிதாகத் தாயாகப் பழகுகின்ற இளம்பெண் தன் வாயால் பேசும் இடம் நம் பழைய நூல்களில் எங்கே உளது? இவ்வினாவை முன்வைத்துத் தேடுவார்க்கு விடை தரும் ஊர் திருவில்லிபுத்தூர் என்பதனை இக்கட்டுரையில் நிறுவ முயல்கிறோம்.

முதற்கண் சங்கப் பாடல்களை நோக்குவோம். பிள்ளை பெற்ற மனையைத் தொல்காப்பியர் அறியாதவர் அல்லர். புதல்வன் பிறந்தபோது நிகழும் நெய்யணி மயக்கத்தைக் கற்பியலில் தலைவன் கூற்று நிகழும் இடங்களுள் ஒன்றாக வைத்தார்; புனிறு என்னும் சொல்லுக்கு ஈன்றணிமை என்று உரியியலில் பொருள் வரைந்தார். நற்றிணையின் 40ஆம் பாட்டு அம்மனையை நம் கண்முன் நிறுத்துகிறது. காவல் மனையில் மணி ஒலிக்கிறது. பந்தரில் மணல் பரப்பப் பெற்றுளது. புதல்வன் செவிலியோடு உறங்குகிறான். வெண்சிறுகடுகு அப்பி நெய்யாடிய மடந்தை இமை பொருந்திக் கிடக்கிறாள். நள்ளிரவில் தலைவன் கள்வனைப் போல் வந்து புகுகிறான். இக்காட்சி முழுவதையும் எடுத்துரைப்பவள் பரத்தை. அந்நூலின் 370ஆம் பாட்டிலோ தலைவனே பாணனுக்குச் சொல்கிறான். தலைச்சூலில் மகனைப் பெற்றுத் தன் குடிக்கு உதவிய மனைவியை அணுகி, மகனைப் பெற்றமையால் பெயர் மாறி முதுபெண்டு ஆகித் துயில்கின்றனையோ என்று அவன் நகையாட, அவள் முறுவலித்துத் தன் கண்களைக் கையால் புதைத்துக்கொள்கிறாள். நயமான பாட்டு, ஐயமில்லை. ஆயினும் இரு பாட்டிலும் பிள்ளை பெற்றவள் வாய் திறக்கவில்லை என்பதைக் கருதுதல் வேண்டும். ஒன்றில் உறங்குகிறாள், மற்றொன்றில் கண் புதைக்கிறாள். அவளைக் காண்பவர் பிறர். அவளைப் பற்றிப் பேசுபவரும் பிறர்.

இங்கே ஒரு சொல்லாராய்ச்சி இடைப்பிறவரலாக வருவதைப் பொறுத்தருள்க. தலைவன் நகையாட்டாக இட்ட பெயர் முதுபெண்டு. இன்று நம் வீடுகளில் வழங்கும் பெயர் பச்சை உடம்புக்காரி. முன்னது அவள் குடும்ப நிலையில் உயர்ந்துவிட்டதைக் குறிக்கிறது. பின்னது அவள் உடல் இன்னும் ஆறவில்லை என்பதை நினைவூட்டுகிறது. பின்னதனையே நாம் புனிறு என்னும் பழஞ்சொல்லின் உண்மையான வழித்தோன்றல் என்போம். பெயரிட்டவர் யாவர் என்பதும் வெளிப்படை. முதுபெண்டு என்றவன் கணவன். பச்சை உடம்பு என்றவர் அவளுக்கு வெந்நீர் ஊற்றிய பெண்டிராகவே இருத்தல் வேண்டும்.

இனித் திருவில்லிபுத்தூருக்கு வருவோம். இவ்வூர்க் கோயிலில் பள்ளிகொண்ட பெருமானுக்கு வடபத்திரசாயி என்று பெயர். ஆலிலைமேற் குழவியாய்க் கிடந்தவன் என்பது அப்பெயரின் பொருள். அவனுக்குப் பூமாலை கட்டிய விட்டுசித்தர், துளசிப் பாத்தியில் ஒரு பெண்மகவைக் கண்டெடுத்து வளர்த்தார் என்பது வைணவ மரபு. குழவியின் பெயர் பூண்ட தெய்வமும், கண்டெடுத்த குழவியை வளர்த்த தந்தையும் ஓரூரில் அமைந்தமை தற்செயலாகவே இருக்கலாம். நாம் அதன்மேல் கட்டடம் எழுப்ப விரும்பவில்லை. ஆண்டாள் காலத்தை மு. இராகவையங்கார் திருப்பாவையில் வரும் வெள்ளி எழுச்சி, வியாழன் மறைவுக் குறிப்பைக் கொண்டு கி.பி. 731ஐ ஒட்டி வைத்தார். ஒன்பதாம் நூற்றாண்டுக்குக் கொணர்வாரும் உளர். எவ்வாறாயினும், திருப்பல்லாண்டு நீங்கலாக 461 பாசுரங்கள் கொண்ட பெரியாழ்வார் திருமொழியே தமிழில் கைக்குழந்தையின் தாய் நெடும்பொழுது பேசும் முதல் நூல் என்பது எம் துணிபு.

அந்நூலின் தொடக்கத் திருமொழியை மட்டும் சற்று நின்று காண்போம். பிறப்புச் செய்தி கேட்டு ஆயர் ஓடுகிறார்கள், வழுக்கி விழுகிறார்கள், எண்ணெயும் சுண்ணமும் தூவி முற்றத்தைச் சேறாக்குகிறார்கள். ஆரவாரம் முழுவதும் வெளியே. உள்ளே தாய் என்ன செய்கிறாள்? பெரிய கொப்பரை நீரில் பிள்ளையின் கைகால்களை நீட்டி மெல்ல நீராட்டுகிறாள், பசுமஞ்சள் பூசுகிறாள், நாக்கை வழிக்கிறாள். அவ்வாறு வழிக்கும்போது திறந்த வாயினுள் உலகம் ஏழும் தோன்றுகிறது. உலகத்தைக் காட்டும் நிகழ்ச்சியைப் புராணத்தில் மண்ணுண்ட கதையோடு இணைத்துக் கேட்டிருக்கிறோம். ஆழ்வாரோ அதனை நாள்தோறும் வீட்டில் நடக்கும் நாவழித்தலோடு இணைத்தார். இம்மாற்றம் சிறியதன்று.

பத்து நாள் கழிந்து இரண்டாம் நாள், அஃதாவது பன்னிரண்டாம் நாள், திசையெங்கும் தூண்கள் நாட்டி விழா எடுக்கிறார்கள். அதனை அடுத்த பாசுரத்தில்தான் நாம் தேடி வந்த குரல் கேட்கிறது. தொட்டிலில் இட்டால் அது கிழியுமாறு காலால் எற்றுகிறான். தூக்கினால் என் இடை ஒடிகிறது. இறுக அணைத்தால் வயிற்றின்மேல் பாய்கிறான். வலிமை இல்லாமையால் நான் இளைத்துப்போனேன் என்று பக்கத்திலுள்ள பெண்ணிடம் யசோதை முறையிடுகிறாள். வலிமையின்மை யாருக்கு? இத்துணை ஆட்டத்தைத் தாங்கும் வலிமை பிள்ளைக்கு இல்லையே என்று அஞ்சி இளைத்தாள் எனவும் கொள்ளலாம்; தனக்கு வலிமை இல்லாமையால் இளைத்தாள் எனவும் கொள்ளலாம். முன்னது சமயப் பொருளுக்கு இயையும். நாம் பின்னதனையும் தள்ளோம். விழா முடிந்தது, உறவினர் திரும்பினர், தாய் பிள்ளையோடு தனித்து விடப்பட்டாள். அம்முதல் தனிமையில் எழுந்த சொல் வாழ்த்தன்று, களைப்பு. இப்பாசுரத்தை வகுப்பில் நடத்துங்கால் இளமாணவர் நகைப்பதையும், பிள்ளை பெற்றுத் திரும்பிப் படிக்க வந்த மாணவியர் நகையாது வாளா இருப்பதையும் பலமுறை கண்டிருக்கிறோம். இதனை ஒரு சான்றாகக் கொள்ளத் தகாதெனினும், குறிக்காமல் விட மனம் வரவில்லை.

அவள் அறியாமையும் அச்சமும் மேலும் பல இடங்களில் வெளிப்படுகின்றன. நிலாவை அழைக்கும் திருமொழியில், பிள்ளை கொட்டாவி விடுகிறான், உறங்காவிட்டால் குடித்த பால் செரிக்காது என்று நிலவிடம் வாதிடுகிறாள். உலகுண்ட வயிற்றுக்குப் பால் செரியாதென அஞ்சும் தாய்! பிறிதோரிடத்தில் இரவெல்லாம் உண்ணாமல் உறங்கி, உச்சிப்பொழுதும் ஆகிவிட்டதே என்று கலங்குகிறாள். பிள்ளையின் வயிறு தளர்ந்துவிட்டது. இவள் மார்பிலோ பால் தாங்காது வழிகிறது. காதில் இடும் திரி எரியாமல் இடுவேன் என்று நயந்து கூறுகிறாள். எண்ணெயும் புளிப்பழமும் எடுத்துவைத்துக்கொண்டு நீராட வாராத பிள்ளைக்குக் காத்திருக்கிறாள். அந்திப்பொழுதில் தெருவில் நிற்பவனைக் காப்பிட அழைக்கிறாள். தாலாட்டில் தேவர் அனுப்பும் பொருள்களுள்ளும் பொன்தொட்டிலும் கிண்கிணியும் மட்டும் இல்லை. உடம்பில் பூசும் நறுமணப் பொடி, மஞ்சள், கண்ணுக்கு மை ஆகியவற்றைக் கொற்றவையே கொண்டுவந்து நிற்கிறாள். பிள்ளை பெற்ற வீட்டுக்கு என்ன கொண்டுசெல்ல வேண்டும் என்பதனை அறிந்த பெண்ணின் செயல் அது.

இவற்றையெல்லாம் ஆடவர் ஒருவர் எங்ஙனம் அறிந்தார்? அருளால் அறிந்தார் என்பது சமயத்தார் விடை. மகளை வளர்த்தமையால் அறிந்தார் என்பாரும் உளர். ஒரே மகளை உடையேன், அவளைத் திருமகளைப் போல வளர்த்தேன், திருமால் கொண்டு போனான் என்று தாய்க்கூற்றாக அவர் பாடியதில் ஆண்டாளின் நிழலைப் பலர் காண்பர். நாம் மற்றொன்றையும் சேர்க்க விரும்புகிறோம். இப்பாசுரங்களில் யசோதை அடிக்கடி விளிப்பது நங்காய் என்றும் நங்கைமீர் என்றும். பாதாதிகேச வண்ணனை முழுவதும் பெண்டிரை வந்து காணுமாறு அழைப்பதாகவே நடக்கிறது. அதன் தொடக்கமே குழவி தன் கால்விரலைச் சுவைக்கும் காட்சி. எனவே, பிள்ளை பெற்றவளைச் சூழ்ந்து அமர்ந்த பெண்டிரின் பேச்சும் பாட்டும் புத்தூர்த் தெருக்களில் வழங்கியிருத்தல் வேண்டும். ஆழ்வார் அவற்றைச் செவிமடுத்தார். பெயர் தெரியாத அத்தாயர்க்கும் இந்நூலின் ஆக்கத்தில் பங்கு உண்டு.

உரைமரபு இதனை வேறு வழியில் ஏற்றுக்கொண்டது. பெரியவாச்சான் பிள்ளையின் உரையில் பெரும்பகுதி செல்லரித்து மறைய, அப்பகுதிக்கு மணவாள மாமுனிகள் பதினைந்தாம் நூற்றாண்டில் உரை வரைந்தார் என்பர். அவர் பெரியாழ்வாரின் தனிச்சிறப்பாகப் போற்றியது பரிவு. காக்கும் கடவுளுக்கே தீங்கு வந்துவிடுமோ என்று அஞ்சிப் பல்லாண்டு பாடும் உள்ளமே பரிவு. பால் செரியாதோ என்று அஞ்சிய உள்ளத்துக்கும் இதற்கும் வேறுபாடு யாது? திருவில்லிபுத்தூர் தந்த இக்கோட்பாட்டின் வேர் பிள்ளை பெற்ற வீட்டில் இருக்கிறது என்று கூறின் வைணவப் பெரியோர் முனியார் என நம்புகிறோம்.

இதனோடு குலசேகரர் பாடிய தேவகி புலம்பலை ஒப்பிடல் தகும். தேவகி பெற்றாள், வளர்க்கவில்லை. தாலாட்டியதில்லை, உன் தந்தை யார் என்று கேட்டால் பிள்ளை விரலாலும் கடைக்கண்ணாலும் சுட்டும் பேற்றைக் கண்டதில்லை. தாயருள் கடையானவள் தானே என்று தன்னை இகழ்ந்து, யாவற்றையும் யசோதை பெற்றாள் என்கிறாள். ஈன்றமையால் மட்டும் ஒருத்தி தாயாவதில்லை, நாள்தோறும் செய்யும் தொழிலால் ஆகிறாள் என்னும் கருத்தை ஆழ்வார் இருவரும் இரு முனையிலிருந்து காட்டினர்.

இக்குரல் பின்னர் என்னவாயிற்று? பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்துக்குப் பெரியாழ்வாரே வழிகாட்டி என்று இலக்கிய வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. உண்மையே; ஆனால் பாதி உண்மை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன்மீது பாடியது முதல் வந்த பிள்ளைத்தமிழ்களின் பத்துப் பருவங்களைப் பெரியாழ்வார் திருமொழியோடு வைத்துப் பார்த்தால், எவை நின்றன, எவை உதிர்ந்தன என்பது புலனாகும். செங்கீரை, தால், சப்பாணி, அம்புலி நின்றன. பாலுண்ண அழைத்தல், காது குத்தல், நீராட்டல், குழல் வாருதல், பூச்சூட்டல் ஆகியவை தனிப்பருவமாக இடம்பெறவில்லை. பெண்பாற் பிள்ளைத்தமிழில் நீராடற் பருவம் உண்டே எனின், அது பெண்மகள் புனலில் ஆடும் விளையாட்டு. தாய் எண்ணெய் தேய்த்து ஊற்றும் நீரன்று. காப்பு நின்றதே எனின், அது நூலின் முகப்புக்குச் சென்று தெய்வங்களை வேண்டும் பருவமாயிற்று. அந்திப்பொழுதில் தெருவைப் பார்த்து அழைத்த தாய் அதில் இல்லை. சுருங்கச் சொன்னால், பிள்ளை ஆடுவன எஞ்சின. தாய் உழைப்பன மறைந்தன. தால் ஒன்றே விலக்கு. பாட்டுடைத் தலைவன் அரசனாகவும் ஆசிரியனாகவும் தெய்வமாகவும் உயர்ந்தபின், அவனுக்கு நாக்கு வழித்த கைக்கு அரங்கில் இடமில்லாமற் போயிற்று. குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் கவிதைச் சிறப்பில் எதற்கும் பின்னிடாது. எனினும் அதில் இளைத்துப்போனேன் என்று சொல்லும் தாயைத் தேடுதல் வீண்.

ஏட்டில் மறைந்த அவ்வுழைப்பை நெடுங்காலத்துக்குப் பின் எதிர்பாராத ஓரிடத்தில், சட்ட நூல்களில், காண்கிறோம். திருவில்லிபுத்தூருக்கு அண்மையிலுள்ள இராசபாளையத்தில் பி. ஏ. சி. இராமசாமி இராசா 1936இல் நூற்பாலை நிறுவினார்; பருத்தியும் நூலும் அவ்வூரின் வாழ்வாயின. அதற்குச் சற்று முன்னரே, 1934ஆம் ஆண்டின் சென்னை மகப்பேற்று உதவிச் சட்டம் ஆலைப் பெண்களின் பேறுகாலத்தைத் தொழிலின் கணக்கில் சேர்த்திருந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகளுக்குத் தனி அறை வேண்டும் என்றது. 1961ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம் பன்னிரண்டு வார விடுப்பு அளித்தது. 2017இல் முதலிரு பிள்ளைகளுக்கு அது இருபத்தாறு வாரமாக உயர்ந்தது. ஆழ்வார் காட்டும் பன்னிரண்டாம் நாள் விழாவுக்கும் இவ்விடுப்புக்கும் தொடர்பு காட்ட நாம் முற்படவில்லை. ஆனால் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு பிரிவு நம் கருத்தை ஈர்க்கிறது. வேலைக்குத் திரும்பிய தாய், குழந்தை பதினைந்து மாதம் நிரம்பும்வரை, பாலூட்டுதற்கு நாள்தோறும் இருமுறை இடைவேளை பெறலாம் என்று அது விதித்தது. உச்சிப்பொழுதாகியும் பிள்ளை உண்ணவில்லையே, மார்பில் பால் வழிகிறதே என்று கலங்கிய யசோதையின் முறையீட்டை, பிள்ளைத்தமிழ்ப் புலவர் கைவிட்ட அப்பாசுரப் பொருளை, இராசபாளையம் போன்ற ஆலையூர்களுக்காகச் சட்டம் எழுதியோர் தம்மை அறியாமலே மீண்டும் எடுத்துக்கொண்டனர்.