ஆனைக்கற்றாழை

ஆனைக்கற்றாழை என்பது மெக்சிகோவிலிருந்து வந்து தக்காண மேட்டுநிலத்தில் வேலிச்செடியாக வேரூன்றிய அகேவ் செடிக்குத் தமிழர் இட்ட பெயராகும். மருந்தாகும் சோற்றுக்கற்றாழை வேறு இனம். ‘ஆனை’ என்னும் அடை இங்கே விலங்கைச் சுட்டாமல், ஆனைநெருஞ்சியில் போலப் பருமனைக் குறிக்கிறது. பெங்களூரை அடுத்த ஆனேக்கல்லின் பெயரை நினைவூட்டும் கன்னட ‘ஆனெகல்லு’, அதாவது ஆலங்கட்டி, ஒலியில் ஒத்திருந்தாலும் இவ்வழக்குக்கு உறவானதன்று.

பெங்களூர் மதுக்கூடங்களில் ‘ஹேப்பி அவர்’ எனப்படும் மாலைச் சலுகை நேரத்தில், குவளை விளிம்பில் உப்புத் தடவி எலுமிச்சைச் சாறு கலந்து தரப்படும் மார்கரிட்டாவுக்கு அடிப்படையான டெக்கீலா, ஆனைக்கற்றாழையின் இனத்ததான நீலக்கற்றாழையின் தண்டை வேகவைத்துப் பிழிந்து, சாற்றைப் புளிக்கவிட்டு வடிப்பதாகும். அவ்வகை மதுவின் பொதுப்பெயரான ‘மெஸ்கால்’ நாவாட்டில் மொழியில் ‘வெந்த கற்றாழை’ எனப் பொருள்பட்டு, செய்முறையையே பெயராக்கிய அருமையான சொல்லாக்கமாக விளங்குகிறது.