யானையும் சட்டமும்: கிரான் நோக்கிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்திலே, கிரானுக்கு மேற்கே புலிபாய்ந்தகல் என்னும் ஊர் உண்டு. காட்டு விலங்கின் அயலில் வாழ்ந்த நினைவை அப்பெயரே தாங்கி நிற்கின்றது. இன்று அப்பகுதி உழவர் அஞ்சுவது யானைக்கே.

யானை பற்றிய அரசின் நிலை இந்நாட்டில் தலைகீழாக மாறியமை நோக்கற்பாலது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் யானையைக் கொன்றோர் பரிசு பெற்றனர். 1848-க்கு முந்திய மூவாண்டுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் ஏறத்தாழ 3,500 யானைகளுக்குப் பரிசு வழங்கப்பட்டதென எமர்சன் தெனன்ற் குறித்துள்ளார். 1891-இல் வீண்கொலையைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1937-ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அக்காப்பை விரிவாக்கிற்று. 2011-இல் 5,879 யானைகள் கணக்கிடப்பட்டன.

தொகை போதுமெனின் காப்பைத் தளர்த்தலாமா? அமெரிக்காவிலே 1975-இல் காப்புப் பெற்ற கிறிஸ்லிக் கரடிகளுள், தொகை தேறிய யெலோஸ்ரோன் பகுதிக் கரடிகளுக்கு அரசு அதனை 2007-இலும் 2017-இலும் நீக்கியது. இருமுறையும் நீதிமன்றம் மீட்டளித்தது. ஈண்டு வினா தொகையோடு முடிவதன்று. இலங்கையில் யானை உலவும் பரப்பில் ஏறத்தாழ 70 சதவீதத்தில் மனிதரும் குடியிருக்கின்றனர். சட்டம் இருந்தும், 2019-இல் 400-க்கு மேற்பட்ட யானைகளும் 100-க்கு மேற்பட்ட மனிதரும் மாண்டனர்.

2020-இல் வகுக்கப்பட்ட தேசிய செயற்றிட்டம், காட்டெல்லையை விடுத்து ஊரையும் வயலையும் சூழ மின்வேலி அமைக்கப் பரிந்துரைத்தது. யானையைக் காக்கும் சட்டம் நிலைபெற வேண்டுமாயின், வேளாண்மை வெட்டும்வரை கிரான் வயலைக் காக்கும் வேலியும் அரசின் கடமையாதல் வேண்டும் என்பதே எமது துணிபு.