முக்கொம்பு அளவுகோலும் கண்ணம்பாடி மதகும்

மைசூரில் உட்கார்ந்துகொண்டு காவிரியைப் பற்றி எழுதுவது தமிழனுக்குக் கொஞ்சம் சங்கடமான வேலைதான். ஆனாலும் கணக்கைக் கணக்காகப் பார்க்கலாம் அல்லவா?

ஆறு முழு ஒழுங்குக்கும் அடங்காது. முழுக் குழப்பமும் அல்ல. குடகில் தென்மேற்குப் பருவமழை வரும் என்பது தெரியும். எந்த வாரம், எவ்வளவு என்பது தெரியாது. மழை இரண்டு வாரம் தள்ளினால் போதும். மண்டியா விவசாயி கண்ணம்பாடியைப் பார்க்கிறார். தஞ்சை விவசாயி மேட்டூரைப் பார்க்கிறார். இருவரையும் பார்த்து அரசியல்வாதி பேசுகிறார். அதைக் கேட்டு விவசாயி இன்னும் பதறுகிறார். சிறு குறைவு பெருங்கலவரமாகிறது. விஞ்ஞானிகள் இதைத்தான் சிக்கலான அமைப்பு என்கிறார்கள். 1991 டிசம்பரில் நாம் கண்ணால் பார்த்தோம், விளக்க வேண்டியதில்லை.

18-2-1924 அன்று மைசூர் சமஸ்தானமும் சென்னை மாகாணமும் செய்த ஒப்பந்தம் ஆற்றையே சாட்சி வைத்தது. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பு மேலணையில் ஓர் அளவுகோல். ஜூலை, ஆகஸ்டில் அது ஏழரை அடி காட்டும் அளவுக்கு நீர் போனால்தான் கண்ணம்பாடியில் தேக்கலாம். வெள்ளைக்காரன் நெருக்கடியில் போட்ட கையெழுத்து என்று கர்நாடகம் சொல்லும் குறையில் நியாயம் இருக்கிறது. ஆனால் அன்றன்றைக்கு ஓடும் நீரைப் பார்த்து முடிவெடுக்கும் அந்த ஏற்பாட்டில் வியாபாரி புத்தி இருந்தது. வரவைப் பார்த்துத்தானே பட்டுவாடா!

1974ல் ஐம்பதாண்டு முடிந்ததும் ஒப்பந்தம் காலாவதி என்றது கர்நாடகம். 1990ல் நடுவர் மன்றம் வந்தது. 2007 இறுதித் தீர்ப்பு, எல்லையில் ஆண்டுக்கு 192 டி.எம்.சி. என்று மாதவாரியாகப் பிரித்துக் கொடுத்தது. 2018ல் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. நல்ல ஆண்டில் இந்த அட்டவணையை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. பஞ்ச ஆண்டில், குறையை விகிதப்படி பகிர வேண்டும் என்ற வரி மட்டுமே மிச்சம். எந்த நாளில், எந்த அணையில், எந்த விகிதம்? சண்டையெல்லாம் அங்கேதான்.

2024 ஜூலை நடுவில், தினம் ஒரு டி.எம்.சி. விடச் சொன்னதற்குக் கர்நாடகம் முடியாது என்றது. அதே மாதம் முடிவதற்குள் கண்ணம்பாடி நிரம்பியது, மேட்டூர் 120 அடியைத் தொட்டது. மிஞ்சிய நீரைத் திறந்துவிட்டார்கள்.