ஏழு சதவீதக் கோடு: அமெரிக்க மின்தேவை முன்கணிப்பின் வரலாறு

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய கால் நூற்றாண்டில் அமெரிக்காவின் மின் நுகர்வு ஆண்டுக்கு ஏறத்தாழ 7 சதவீதம் வளர்ந்தது. இந்த வேகத்தில் வளர்ந்தால் பத்து ஆண்டுகளில் தேவை இரு மடங்காகிவிடும். மின் நிறுவனங்களின் திட்டப் பிரிவினருக்கு அக்காலத்தில் முன்கணிப்பு பெரிய வேலையாக இருக்கவில்லை. கடந்த ஆண்டுகளின் புள்ளிகளை மடக்கை அளவுத் தாளில் குறித்து, அளவுகோலை வைத்துக் கோட்டை நீட்டினால் போதும். இதை இன்று ஏளனம் செய்வது எளிது. ஆனால் அந்தக் கோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் பொய்க்கவில்லை.

கோடு ஏன் பொய்க்கவில்லை என்று கேட்டவர்கள் சிலரே. அக்காலம் முழுவதும் மின் நிலையங்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. எரிபொருள் மலிவாக இருந்தது. பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் யூனிட் விலை ஆண்டுதோறும் குறைந்துவந்தது. தேவை வளர்ந்ததில் மக்கள்தொகைக்கும் வருமானத்துக்கும் எவ்வளவு பங்கு, விலை குறைந்ததற்கு எவ்வளவு பங்கு என்பதை அளவுகோலால் பிரித்துக் காட்ட முடியாது. அதைப் பிரிக்க முயன்ற துறைதான் பொருளாதார அளவையியல்.

இத்துறையில் மின்தேவை பற்றிய ஆய்வு பழமையானது. ஹென்ட்ரிக் ஹவுத்தேக்கர் 1951இல் பிரிட்டனின் 42 நகரங்களின் வீட்டு மின் நுகர்வை ஆராய்ந்தார். 1962இல் ஃபிராங்க்ளின் ஃபிஷரும் கார்ல் கேய்சனும் அமெரிக்காவைப் பற்றி ஒரு நூல் எழுதினர். யாரும் மின்சாரத்தை அதற்காகவே வாங்குவதில்லை, குளிர்சாதனப் பெட்டியையும் அறை சூடேற்றியையும் ஓட்டவே வாங்குகிறார்கள் என்பதிலிருந்து அவர்கள் தொடங்கினர். விலை ஏறினால் இருக்கும் கருவிகளைச் சற்றுக் குறைவாக ஓட்டுவது குறுகிய கால விளைவு. அடுத்த முறை வேறு வகைக் கருவி வாங்குவது நீண்ட கால விளைவு. இந்தப் பாகுபாடு நிலைத்தது. விலையின் பங்கு சிறியதே என்ற அவர்களுடைய முடிவு நிலைக்கவில்லை.

1972 நவம்பரில் டுவேன் சாப்மன், திமோதி டைரல், திமோதி மவுன்ட் ஆகியோர் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரை நேர்மாறாகப் பேசியது. நீண்ட காலத்தில் மின்தேவையை மிகவும் பாதிப்பது விலைதான். விலை குறைவது நின்று ஏறத் தொடங்கினால் 7 சதவீத வளர்ச்சி நீடிக்காது என்று அவர்கள் எழுதினர். எண்ணெய் நெருக்கடிக்கு ஓராண்டு முன்பு எழுதப்பட்டது இது.

மின் நிறுவனங்கள் இதை உடனே ஏற்கவில்லை என்பதில் வியப்பில்லை. இக்கணக்கில் உண்மையான ஒரு சிக்கலும் இருந்தது. நம் ஊரில் யூனிட் கூடக் கூட வீட்டுக் கட்டண விகிதம் ஏறும். அன்றைய அமெரிக்காவில் யூனிட் கூடக் கூட விகிதம் இறங்கும். ஆகவே அதிகம் பயன்படுத்துபவரின் சராசரி விலை குறைவாகவே இருக்கும். விலை குறைந்ததால் நுகர்வு கூடியதா, நுகர்வு கூடியதால் விலை குறைந்ததா? இரண்டையும் ஒரே சமன்பாட்டில் போட்டால் விலையின் விளைவு மிகையாகத் தெரியும். லெஸ்டர் டெய்லர் 1975இல் எழுதிய திறனாய்வுக் கட்டுரை இக்குறையை விரிவாகச் சுட்டியது. ஆனாலும் நீண்ட கால நெகிழ்ச்சி குறுகிய கால நெகிழ்ச்சியைவிடப் பெரிது என்பதில் ஆய்வுகள் பெரும்பாலும் ஒன்றுபட்டன.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தன. பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த எண்ணெய், 1974 தொடக்கத்தில் 12 டாலரை நெருங்கியது. 1974இல் அமெரிக்க மின் நுகர்வு ஏறத்தாழ வளரவேயில்லை. திட்டப் பிரிவினரில் பலர் இதைத் தற்காலிகத் தடங்கல் என்றே கருதினர்.

அக்கருத்தின் விலையை முழுதாகக் கொடுத்தது வடமேற்கிலுள்ள வாஷிங்டன் மாநிலம். கொலம்பியா ஆற்றின் அணைகளால் அங்கு மின்சாரம் நாட்டிலேயே மிக மலிவு. அணைகள் மட்டும் இனிப் போதா என்று கணித்த பொது மின் நிறுவனங்கள், தங்கள் கூட்டமைப்பான வாஷிங்டன் பொது மின்வழங்கல் அமைப்பின் மூலம் ஐந்து அணுமின் நிலையங்களைக் கட்ட முனைந்தன. 1976இல் பானவில் மின் நிர்வாகம், 1983 முதல் எல்லாருடைய தேவையையும் தன்னால் நிறைவு செய்ய இயலாது என்று அறிவித்தது. 88 நிறுவனங்கள் நான்காம், ஐந்தாம் நிலையங்களுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டன.

கையெழுத்திடாத பெரிய நகரம் சியாட்டில். அந்நிலையங்களில் 10 சதவீதப் பங்கு எடுப்பதா என்ற கேள்வி வந்தபோது, நகர மின்துறை ‘எனர்ஜி 1990’ என்ற ஆய்வை நடத்தியது. விலையையும் சேர்த்துக் கணக்கிட்ட முன்கணிப்பு பழைய கணிப்பைவிடக் குறைந்த தேவையைக் காட்டியது. மின்சாரத்தைச் சேமிப்பதே மலிவு என்று ஆய்வு கூறியது. 1976 ஜூலையில் நகர மன்றம் பங்கு வேண்டாம் என்று வாக்களித்தது.

மற்ற இடங்களில் நடந்தது ஒரு சுழல். நிலையங்களைக் கட்டக் கட்டச் செலவு ஏறியது. 1981 வாக்கில் ஐந்துக்குமான மதிப்பீடு சுமார் 2,400 கோடி டாலரைத் தொட்டது. மொத்த விற்பனைக் கட்டணமோ சில ஆண்டுகளில் பல மடங்கானது. கட்டணம் ஏற ஏறத் தேவை தளர்ந்தது. தேவை தளர்ந்தபோது அதே கடனைக் குறைந்த யூனிட்டுகள்மேல் ஏற்ற வேண்டியதாயிற்று. தேவை வளரும் என்ற கணிப்பை நம்பிக் கட்டியதே விலையை உயர்த்தி, அந்தக் கணிப்பைப் பொய்யாக்கியது. விலை இல்லாத சமன்பாட்டில் இது தெரிய வழியே இல்லை.

1982 ஜனவரியில் நான்காம், ஐந்தாம் நிலையங்கள் கைவிடப்பட்டன. மறு ஆண்டு ஜூனில், அந்த ஒப்பந்தங்களைச் செய்ய நகர மின் நிறுவனங்களுக்கு அதிகாரமே இல்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 225 கோடி டாலர் கடன் பத்திரங்கள் வாராக்கடனாயின. அமெரிக்க நகராட்சிக் கடன் வரலாற்றில் அதுவரை அவ்வளவு பெரிய தவறுகை நிகழ்ந்ததில்லை. ஓய்வூதியச் சேமிப்பைப் போட்டிருந்தவர்களும் பத்திரம் வைத்திருந்தோரில் இருந்தனர். வழக்குகளின் முடிவில் அவர்களுக்குக் கிடைத்தது ஒரு பகுதியே. அமைப்பின் ஆங்கில முதலெழுத்துகளை மக்கள் ‘ஊப்ஸ்’ என்று படித்தார்கள். கால் இடறும்போது அமெரிக்கர்கள் வாயில் வரும் சொல் அது.

இதனால் பொருளாதார அளவையியல் தீர்க்கதரிசனம் ஆகிவிடவில்லை. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் எண்ணெய் விலை ஏறிக்கொண்டே போகும் என்ற கணிப்புகளில் பல நுணுக்கமான மாதிரிகளிலிருந்தே வந்தன. 1986இல் விலை சரிந்தது. ஒவ்வோர் ஆண்டும் வெளியான பத்தாண்டு மின்தேவைக் கணிப்புகளை ஒரே படத்தில் வரைந்தால், ஒன்றன்கீழ் ஒன்றாகத் தாழ்ந்து விசிறிபோல் விரியும். மின்துறையினர் அப்படத்தை ‘விசிறி’ என்றே அழைத்தனர்.

1980ஆம் ஆண்டுச் சட்டத்தால் வாஷிங்டன், ஓரிகன், ஐடஹோ, மொன்டானா ஆகிய நான்கு மாநிலங்களுக்குமாக அமைந்த மின் திட்டக் குழு வேறு வழியை எடுத்தது. 1983இல் வந்த அதன் முதல் திட்டத்தில் ஒற்றைக் கோடு இல்லை. தாழ்ந்த வளர்ச்சியிலிருந்து உயர்ந்த வளர்ச்சி வரை ஒரு வீச்சு இருந்தது. சேமிக்கும் மின்சாரமும் ஒரு மின் நிலையம்போலவே கணக்கில் சேர்க்கப்பட்டது.

ஐந்து நிலையங்களில் இரண்டாவது மட்டும் 1984இல் இயங்கத் தொடங்கி இன்றும் இயங்குகிறது. முடிக்கப்படாத முதல், மூன்றாம் நிலையங்களின் கடனை வடமேற்கு மக்கள் தங்கள் மின் கட்டணத்தில் பல பத்தாண்டுகள் செலுத்தினர். சாட்சப்பில் மூன்றாம், ஐந்தாம் நிலையங்களுக்கு எழுப்பிய குளிரூட்டும் கோபுரங்கள் ஒரு நாளும் ஆவி விடாமல் நிற்கின்றன.